வானூர்திக்கு ஓர் ஏற்றக்கோடு

தூத்துக்குடியை அடுத்த வாகைகுளத்தில் 2025 ஜூலை 26 அன்று புதிய விமான முனையம் திறக்கப்பட்டது. ஏறக்குறைய 450 கோடி ரூபாய்ச் செலவு, 17,340 சதுர மீட்டர்க் கட்டடம், ஆண்டுக்கு 20 லட்சம் பயணிகளைத் தாங்கும் திறன் என்று செய்தித்தாள்கள் எழுதின. 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதை 3,115 மீட்டராக நீண்டது. 1992இல் தொடங்கிய நிலையம் பல்லாண்டுகளாகச் சுழலி விமானங்களையே, அதாவது ஏ.டி.ஆர்., கியூ 400 போன்றவற்றையே கண்டு வந்தது. இனி ஏர்பஸ் 321 வரையிலான ஜெட் விமானங்கள் இறங்கலாம் என்றார்கள். ஊருக்கு நன்மைதான். மீன் ஏற்றுமதி செய்கிறவருக்கும், கப்பலில் வேலைக்குச் சேரப் பம்பாய்க்கு ஓடுகிற மாலுமிக்கும், சென்னை மருத்துவமனைக்குப் போகிற நோயாளிக்கும் பயனுள்ள காரியம். இதில் எங்களுக்கு மாறுபாடு இல்லை.

மாறுபாடு வேறோர் இடத்தில். திறப்பு விழாவுக்குப் பின் எங்கள் வாசகர் வட்டத்துக்குள்ளும் வெளியிலும் ஒரே வாக்கியம் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது: 'இனிமேல் அந்தச் சின்ன விமானத்தில் முடங்கிக்கொண்டு போக வேண்டியதில்லை; பெரிய விமானம் வந்தால் காலை நீட்டி உட்காரலாம்.' படித்தவர்கள் சொன்னார்கள், பலமுறை பறந்தவர்களே சொன்னார்கள். இது பொய் நம்பிக்கை என்று நாங்கள் கருதுகிறோம். விமானம் பெரிதாவதற்கும் மனிதனுக்குக் கிடைக்கும் இடம் பெரிதாவதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. எத்தனை பேரை ஏற்றலாம் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் முழுவதும் ஏற்றுகிறவன் கையில் இருக்கும்வரை, எந்த விமானம் வந்தாலும் நம் முழங்காலுக்கு விடிவு இல்லை.

*

முதலில் கணக்கு. சொல்லைவிட எண் நேர்மையானது.

நடுவில் ஒரே நடைவழி உள்ள விமானத்தைக் குறுகிய உடல் விமானம் என்கிறார்கள். ஏ.டி.ஆர். 72 அறையின் உள் அகலம் 2.57 மீட்டர், வரிசைக்கு நான்கு பேர், இந்தப் பக்கம் இருவர், அந்தப் பக்கம் இருவர். ஏர்பஸ் 320, 321 இரண்டுக்கும் உள் அகலம் 3.70 மீட்டர், வரிசைக்கு ஆறு பேர். போயிங் 737க்கு 3.54 மீட்டர், அதிலும் ஆறு பேர். நடைவழியையும் சேர்த்துத் தலைக்கு இவ்வளவு என்று பங்கிட்டால், ஏ.டி.ஆரில் ஒருவருக்கு 64 சென்டிமீட்டர், ஏர்பஸ்ஸில் 62, போயிங்கில் 59. எதைச் சின்ன விமானம் என்று இகழ்கிறோமோ அதில்தான் தலைக்குரிய அகலம் கூடுதல். எம்ப்ரேயர் 190 என்ற பிரேசில் நாட்டு ஜெட்டில் நான்கு பேருக்கு 2.74 மீட்டர், தலைக்கு 68 சென்டிமீட்டருக்கும் மேல். ஏர்பஸ் 220இல் ஐந்து பேருக்கு 3.28 மீட்டர்; தலைக்கு 65க்கும் மேல். இக்கணக்கில் நடைவழியும் சேர்ந்திருப்பதால் இருக்கையை மட்டும் அளந்தால் வேற்றுமை குறையும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஏர்பஸ் 320இன் இருக்கை 18 அங்குலம், போயிங்குடையது ஏறத்தாழ 17 அங்குலம். அந்த ஓர் அங்குலத்தை வைத்துத்தான் இரண்டு நிறுவனங்களின் அபிமானிகளும் ஆண்டுக்கணக்கில் மல்லுக்கு நிற்கிறார்கள்.

ஆனால் அங்குலத்தை விடவும் பெரிய வேற்றுமை ஒன்று உண்டு. ஏ.டி.ஆரின் இரண்டிரண்டு அமைப்பில் நடு இருக்கை என்பதே இல்லை. ஒன்று ஜன்னல், அல்லது நடைவழி. ஏதேனும் ஒரு பக்கம் மனித உடல் இல்லாத வெளி எல்லோருக்கும் உண்டு. ஏர்பஸ் 320இல் 180 இருக்கைகள் என்றால் அவற்றுள் 60 நடு இருக்கைகள். மூன்றில் ஒருவர் இரண்டு பக்கமும் அந்நியத் தோள்களுக்கிடையே, இரண்டு கைப்பிடிகளில் எது தன்னுடையது என்று தெரியாமல், பயணம் முழுதும் தம் உடலைத் தாமே சுருக்கிப் பிடித்துக்கொண்டு அமர்கிறார். தூத்துக்குடி மக்கள் இதுவரை அறியாத இந்த அனுபவத்தைத்தான் நீண்ட ஓடுபாதை கொண்டுவரப் போகிறது.

எதிர்த்தரப்புக்கு உரியதைக் கொடுத்துவிடுவோம். ஜெட்டில் இரைச்சல் குறைவு, வேகம் அதிகம். ஏ.டி.ஆரின் அறை உயரம் 1.91 மீட்டர்தான், நெட்டையானவர் குனிந்து நடக்க வேண்டும். தலைக்கு மேலுள்ள பெட்டியறையில் கொஞ்சம் பெரிய பையும் நுழையாது. இவையெல்லாம் உண்மை. ஆயினும் இவை விமானத்தின் குணங்கள். நாங்கள் பேசுவது இருக்கையை.

*

அகலத்தைத் தீர்மானிப்பவன் விமானத்தைச் செய்கிறவன். போயிங் 737இன் உடற்சுற்று, 1950களில் பறக்கத் தொடங்கிய போயிங் 707 வரையில் பின்னோக்கிச் செல்கிறது. அன்று வரைந்த வட்டத்துக்குள் இன்றைய மனிதரும் அடங்கியாக வேண்டும். 1987இல் முதன்முதல் பறந்த ஏர்பஸ் 320 சற்றே அகலமாகப் பிறந்தது. உருளையின் குறுக்களவை எந்த விமான நிறுவனமும் மாற்ற முடியாது.

நீளவாக்கில் அப்படியில்லை. தரையில் தண்டவாளம்போல் ஒரு தடம் ஓடுகிறது. இருக்கைகளை அதன்மீது வேண்டிய இடத்தில் பொருத்தலாம். ஓர் இருக்கையின் ஒரு புள்ளியிலிருந்து பின் இருக்கையின் அதே புள்ளி வரையுள்ள தூரத்தை அத்தொழிலில் 'பிட்ச்' என்பார்கள். நாங்கள் வரிசை இடைவெளி என்போம். நம் நாட்டு மலிவுக் கட்டண விமானங்களில் இது பெரும்பாலும் 28 முதல் 30 அங்குலம். இந்த எண்ணைச் செய்கிறவன் விதிப்பதில்லை, ஓட்டுகிறவன் விதிக்கிறான். ஆகவே 'ஏர்பஸ் வசதியா, போயிங் வசதியா' என்ற பட்டிமன்றத்தில் பாதிக் கேள்வி கேட்கப்படவே இல்லை. 32 அங்குல இடைவெளியுள்ள போயிங், 28 அங்குலமுள்ள ஏர்பஸ்ஸை விட முழங்காலுக்கு இதமானது. விமானத்தின் பெயர் அகலத்தைச் சொல்லும். காலுக்கு எவ்வளவு இடம் என்பதைச் சொல்லாது.

ஏர்பஸ் 320க்கு நெடுங்காலம் வழக்கிலிருந்த உச்ச அளவு 180 பேர், அதாவது முப்பது வரிசை. பின்னர் அதே நீளமுள்ள விமானத்தில் 186 பேர் வந்தார்கள். நியோ வகைக்கு இப்போது 194 வரை சான்றளிக்கப்படுகிறது. உலோகம் ஒரு முழமும் நீளவில்லை. கூடுதல் வரிசைக்கான இடம் எங்கிருந்து வந்தது? பின்கோடியிலுள்ள கழிப்பறைகளையும் சமையற்கட்டையும் நெருக்கி மடக்கி அமைத்ததிலிருந்து ஒரு பகுதி வந்தது. மெலிந்த முதுகுள்ள இருக்கைகளிலிருந்து ஒரு பகுதி. நம் தொடையிலிருந்தும் முழங்காலிலிருந்தும் மிச்சப் பகுதி.

இவ்வாறு எடுத்துக்கொண்டதைத் திரும்ப விற்கும் சாமர்த்தியத்தையும் பார்க்க வேண்டும். முதல் வரிசைக்கும் அவசர வழியோர வரிசைக்கும் தனிக் கட்டணம். இண்டிகோ நிறுவனம் 2024 நவம்பரில் தன் ஏர்பஸ் 321 விமானங்களில் 'ஸ்ட்ரெட்ச்' என்ற பெயரில் பன்னிரண்டு இருக்கைகளை முன்புறம் அமைத்தது. வரிசைக்கு ஆறுக்குப் பதில் நான்கு பேர். இடைவெளி 38 அங்குலம். பெயரே ஒப்புதல் வாக்குமூலம். காலை நீட்டுவது தனிச் சரக்காக விற்கத்தக்கது என்றால், அது இல்லாத இடத்தில் நமக்கு விற்கப்படுவது என்ன?

*

மூன்று பதில்கள் வழக்கமாக வரும். மூன்றையும் எதிர்கொள்வோம்.

முதற்பதில்: 'மலிவாகக் கொடுக்கிறான், மலிவான காசுக்கு இவ்வளவுதான் கிடைக்கும்.' இந்த ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்லலாமா? வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906இல் சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்து, காலியா, லாவோ என்ற இரு கப்பல்களைத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓட்டியபோது, எதிர்த்து நின்ற பிரிட்டிஷ் இந்தியக் கப்பல் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. மேலும் குறைத்தது. கடைசியில் இலவசமாகவே ஏற்றிக்கொண்டு, கூடவே ஒரு குடையையும் கொடுத்தது என்பது இவ்வூரில் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த கதை. குடை கொடுத்தவன் தர்மவான் ஆகிவிடவில்லை. கட்டணம் குறைவது கம்பெனியின் கணக்கு. அதற்காகப் பயணி நன்றிக்கடன் பட்டவனாகி வாய்மூடி அமர வேண்டும் என்று அன்றும் விதி இல்லை, இன்றும் இல்லை.

அந்த மலிவின் விலைதான் என்ன? பேச்சுக்கு ஒரு கணக்குப் போடுவோம். 28 அங்குல இடைவெளியில் 31 வரிசை, 186 பேர். இரண்டு வரிசைகளைக் கழற்றினால் 56 அங்குலம் மிஞ்சும். எஞ்சிய 29 வரிசைகளுக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஏறத்தாழ இரண்டு அங்குலம். பயணிகள் 174 பேராகக் குறைவார்கள். விமானம் நிறைந்து பறக்கிறது என்றும், அதே வருமானம் வரவேண்டும் என்றும் வைத்துக்கொண்டால் கட்டணம் நூற்றுக்கு ஏழு ரூபாய் உயர வேண்டும். 5,000 ரூபாய்ச் சீட்டு 5,350க்குக் கீழேயே நிற்கும். ஒரு மனிதன் முழங்கால் இடிபடாமல் உட்காருவதற்கு 350 ரூபாய். விமானத்துக்குள் ஒரு சாண்ட்விச்சும் தேநீரும் வாங்குகிற காசு. மலிவு என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் தொகை இவ்வளவே.

இரண்டாம் பதில்: 'ஒன்றரை மணி நேரந்தானே, பொறுத்துக்கொள்ளக் கூடாதா?' பொறுக்கலாம், பொறுக்கத்தக்க உடம்பு இருந்தால். எங்களில் ஒருவர் முழங்கால் மாற்று அறுவை செய்துகொண்ட தம் தாயாரைச் சென்னையிலிருந்து மதுரைக்கு ஒரு ஜெட் விமானத்தில் அழைத்து வந்தார். சக்கர நாற்காலியில் வாயில்வரை கொண்டுவந்தார்கள், குறையொன்றுமில்லை. இருக்கையில் அமர்ந்ததும் கால் மடங்கவில்லை. மடங்கவே கூடாத கோணத்தில் மடக்கினால்தான் முன் இருக்கையின் முதுகைத் தாண்டாமல் இருக்கும். பணிப்பெண் இரக்கமுள்ளவர், ஆனால் முன்வரிசை விற்றுப் போயிருந்தது. நடைவழியில் காலை நீட்டினால் தள்ளுவண்டி வரும்போது எடுக்க வேண்டும். அந்த அம்மா கடைசிவரை ஒரு சொல்லும் சொல்லவில்லை. மகனின் கையைப் பற்றியிருந்த பிடி மட்டும் இறுகிக்கொண்டே போனது என்று அவர் சொன்னார். இறங்கியதும், 'அடுத்த தடவை ரயிலிலேயே போவோம் ஐயா, படுத்துக்கிட்டாவது வரலாம்' என்றாராம். ஒன்றரை மணி நேரம் எல்லோருக்கும் ஒரே நீளமல்ல.

தவிரவும், அது ஒன்றரை மணி நேரத்தோடு நிற்பதுமில்லை. 2019இல் தில்லியிலிருந்து இஸ்தான்புல் வரை இவ்வகைக் குறுகிய உடல் விமானத்தை இந்திய நிறுவனமே ஓட்டத் தொடங்கியது. ஏறக்குறைய ஏழு மணி நேரம். இன்னும் நெடுந்தூரம் செல்லும் ஏர்பஸ் 321 வகைகள் வந்துகொண்டிருக்கின்றன. குறுந்தூரத்துக்கென்று சமாதானம் சொல்லிப் பழக்கிய இடைவெளி நெடுந்தூரத்துக்கும் விதியாகிறது.

மூன்றாம் பதில்தான் நாகரிகமானது, பொருளாதாரம் படித்தவர்கள் சொல்வது: 'பிடிக்காவிட்டால் வேறு நிறுவனத்தைத் தேர்ந்துகொள், சந்தை தீர்மானிக்கும்.' எதை வைத்துத் தேர்வது? சீட்டை எடுத்துப் பாருங்கள். புறப்படும் நேரம் உண்டு, பெட்டியின் எடை வரம்பு கிலோக் கணக்கில் உண்டு, வரி பைசாவரை உண்டு. நான் உட்காரப் போகும் இடம் எத்தனை அங்குலம் என்பது மட்டும் இல்லை. அரிசி வாங்கும்போது எடையும் துணி வாங்கும்போது அளவும் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. விமானத்தில் மட்டும் நாம் வாங்குவது இன்ன அளவு என்று சொல்லாமலே விற்கிறார்கள். அளவு தெரியாத சந்தையில் போட்டி விலையில் மட்டுமே நடக்கும். விலையில் மட்டும் போட்டி நடந்தால் இடம் சுருங்கியே தீரும். அவர்கள் சொல்கிற அதே பொருளாதாரத்தின் முடிவுதான் இது.

*

இங்கே தூத்துக்குடிக்காரர்களாக நாங்கள் சுட்டிக்காட்ட விரும்புவது ஒன்றுண்டு. வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தில் நிற்கும் எந்தக் கப்பலையும் பாருங்கள். அதன் விலாவின் நடுப்பகுதியில் ஒரு வட்டமும், அதைக் குறுக்கே வெட்டும் ஒரு கோடும், பக்கத்தில் ஏணிப்படிபோல் சில கோடுகளும் இருக்கும். ஏற்றக்கோடு. அந்தக் கோடு நீரில் மூழ்கும் அளவுக்குச் சரக்கேற்றக் கூடாது. அதைப் படிக்க மாலுமி நூல் எதுவும் வேண்டாம். கரையில் நிற்கிற எவரும் பார்த்துவிடலாம்.

அந்தக் கோடு கடலிலிருந்து தானாக முளைக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் கப்பல் முதலாளிகள் அளவுக்கு மீறிச் சரக்கேற்றி, கப்பல் மூழ்கினால் காப்பீட்டுப் பணம் பெற்று, மாலுமிகளைக் கடலுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சாமுவேல் பிளிம்சால் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் ஆண்டுக்கணக்கில் போராடி, 1876இல் கப்பலில் கோடு வரைய வேண்டும் என்ற சட்டத்தைக் கொண்டுவரச் செய்தார். ஆனால் அச்சட்டத்தில் ஓர் ஓட்டை. கோடு வரைய வேண்டும் என்றது. எங்கே வரைய வேண்டும் என்பதை முதலாளியின் விருப்பத்துக்கு விட்டது. ஒரு கப்பல்காரர் புகைபோக்கியின்மேல் வரைந்துகொண்டார் என்று ஒரு கதையும் உண்டு. பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1890இல்தான் கோட்டின் இடத்தையும் சட்டமே நிர்ணயித்தது.

விமானத்தில் நாம் இன்னும் 1876க்கே வரவில்லை. வரிசை இடைவெளி என்ற கோடு இருக்கிறது. ஆனால் அதை வரைகிறவன் ஏற்றுகிறவனே. வரைந்த இடத்தைக் கரையில் நிற்பவனுக்குக் காட்டுவதுமில்லை. நம் தோணித் தண்டல்கள் எழுத்தறியாதவர்களாயினும் எவ்வளவு ஏற்றினால் தோணி தாங்கும் என்பதைப் பலகையைப் பார்த்துச் சொல்வார்கள். ஜோ டி குருஸின் 'கொற்கை' நாவலைப் படித்த நம் வாசகர்களுக்கு அந்த உலகம் புதிதல்ல. ஏற்றத்துக்கு வரம்புண்டு என்பது இக்கடற்கரையின் பாலபாடம்.

மற்ற வாகனங்களுக்கெல்லாம் நம் சட்டம் வரம்பு கேட்கிறது. 1989ஆம் ஆண்டு இந்திய ரயில்வே சட்டத்தின் 57ஆம் பிரிவு, ஒவ்வொரு பெட்டியிலும் எத்தனை பேர் ஏறலாம் என்பதை நிர்ணயித்து, அதை வட்டார மொழியிலும் பெட்டியிலேயே எழுதி வைக்கச் சொல்கிறது. பேருந்துக் கூண்டு கட்டுவதற்கான ஏ.ஐ.எஸ். 052 என்ற தரவிதி, இருக்கையின் அகலத்துக்கும் இருக்கைகளுக்கிடையே உள்ள தூரத்துக்கும் கீழ்வரம்பு வைக்கிறது. ஏன், 1978ஆம் ஆண்டு விலங்குகள் போக்குவரத்து விதிகள், ரயிலிலோ லாரியிலோ ஏற்றும் மாட்டுக்குத் தலைக்குச் சராசரியாக இரண்டு சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது என்கின்றன. 28 அங்குல இடைவெளியில் 18 அங்குல இருக்கை என்பது ஒரு சதுர மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. மாடு மனிதனை விடப் பெரியது, ஒப்புக்கொள்கிறோம். மாட்டுக்கு எண் எழுதப்பட்டிருக்கிறது, அது லாரியில் ஏற்றுகிறவனைக் கட்டுப்படுத்துகிறது என்பதே நாங்கள் சொல்ல வந்தது.

வெளிநாட்டில் மட்டும் வாழ்கிறதா என்று கேட்கலாம். 1985 ஆகஸ்டில் மான்செஸ்டர் விமான நிலையத்தில் போயிங் 737 ஒன்று தீப்பற்றி 55 பேர் மாண்டனர். அதன் பின் 1989இல் பிரிட்டன், இருக்கையின் முதுகு மெத்தையிலிருந்து முன் இருக்கையின் பின்புறம் வரை 26 அங்குலமாவது இருக்க வேண்டும் என்று விதித்தது. அதுவும் ஓடித் தப்புவதற்கான அளவு, உட்காருவதற்கான அளவல்ல. அமெரிக்காவில் பயணியர் அமைப்பு ஒன்று வழக்குத் தொடுத்தது. 2017இல் முறையீட்டு நீதிமன்ற நீதிபதி அதை, நம்ப முடியாதபடி சுருங்கும் இருக்கையின் வழக்கு என்று தீர்ப்பிலேயே எள்ளலாகக் குறிப்பிட்டார். 2018இல் அந்நாட்டு நாடாளுமன்றம் குறைந்தபட்ச அளவை விதிக்கும்படி விமானத் துறைக்கு ஆணையிட்டது. துறை 2019, 2020 ஆண்டுகளில் 775 பேரை வைத்து வெளியேறும் சோதனை நடத்தியது. சோதனையில் பங்கேற்றவர்கள் அனைவரும் உடல்வலிமையுள்ள, அறுபது வயதுக்கு உட்பட்ட பெரியவர்கள். நாங்கள் மேலே சொன்ன தாயார் அந்தச் சோதனையில் இல்லை. கைக்குழந்தையோடு செல்பவளும் இல்லை, ஊன்றுகோல் பிடித்தவரும் இல்லை. 2023இல் அவ்வழக்கு மறுபடி நீதிமன்றத்துக்கு வந்து தள்ளுபடியான போதும் எண் எதுவும் விதிக்கப்பட்டிருக்கவில்லை. அவர்களே செய்யாததை நாம் ஏன் செய்ய வேண்டும் என்று கேட்பது அடிமைப் புத்தி. வழி தெரிந்தவன் முன்னே போகட்டும் என்று காத்திருந்தால் சுதேசிக் கப்பல் மிதந்திருக்காது.

*

கேட்டால் கிடைக்குமா என்று சலித்துக்கொள்கிறவர்களுக்கு, பலர் மறந்துவிட்ட ஒரு வெற்றியை நினைவூட்டுகிறோம். 2007 வாக்கில் ரயில்வே, படுக்கைப் பெட்டிகளில் நடைவழியோரம் மேலும் கீழுமாக இருந்த இரண்டு படுக்கைகளுக்கு இடையே மூன்றாவதாக ஒன்றைச் செருகியது. 72 பேர் படுத்த பெட்டியில் 81 பேர். வருமானம் கூடும் என்று மேலாண்மைப் பள்ளிகள் மெச்சிய காலம் அது. பக்கவாட்டு நடுப்படுக்கையில் போனவர்களுக்குத் தெரியும்: அதை விரித்தால் கீழே இருப்பவர் நிமிர்ந்து உட்கார முடியாது, உள்ளே நுழைபவர் பெட்டிக்குள் சரக்குபோல் செருகப்படுவார். மக்கள் வைதார்கள், எழுதினார்கள், மனுக் கொடுத்தார்கள். 2009இல் ரயில்வே அமைச்சகம் அந்தப் படுக்கைகளை அகற்றுவதாக அறிவித்தது. முத்துநகர் விரைவு ரயிலில் இன்று பக்கவாட்டுப் படுக்கையில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார முடிகிறதென்றால், அது யாரோ பெயர் தெரியாத பயணிகள் சண்டை போட்டதன் பயன். மூன்றாம் வகுப்பு மக்கள் என்று நாம் நினைக்கிறவர்கள் தங்கள் உடம்புக்காகப் பேசினார்கள். விமானத்தில் போகிற நாமோ, முறையிட்டால் பழக்கமில்லாதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சத்தில் முழங்காலை மடக்கிக்கொண்டு புன்னகைக்கிறோம்.

'இலக்கியப் பக்கத்தில் இதற்கென்ன வேலை?' என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். 1917இல் காந்தி, இந்திய ரயில்களின் மூன்றாம் வகுப்பைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். பம்பாயிலிருந்து சென்னைக்குத் தாம் வந்த பெட்டியில் 22 பேர் உட்காரத்தான் இடம் என்பதைக்கூட எண்ணி எழுதினார். எத்தனை பேருக்கு இடம், எத்தனை பேர் ஏறினார்கள் என்று எண்ணுவதை அவர் தம் தகுதிக்குக் குறைவாக நினைக்கவில்லை. மனித உடல் எங்கே எப்படி மடக்கப்படுகிறது என்று பார்ப்பது இலக்கியத்தின் வேலை இல்லையென்றால் வேறு எதுதான் அதன் வேலை? கவிதையில் வானத்தைப் பாடிக்கொண்டு, அந்த வானத்தில் பறக்கும்போது பக்கத்திலிருக்கும் கிழவியின் காலைக் காணாதவர்களாய் இருப்பதில் பெருமை ஒன்றுமில்லை.

நாங்கள் கேட்பவை மூன்று. முதலாவது, விமானச் சீட்டு விற்கும் ஒவ்வொருவரும் இருக்கையின் அகலத்தையும் வரிசை இடைவெளியையும் கட்டணத்துக்குப் பக்கத்தில், அதே பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும். இதற்கு ஒரு காசும் செலவில்லை. ஆகவே மறுப்பதற்குக் காரணமும் இல்லை. இரண்டாவது, தப்பி ஓடுவதற்கான அளவாக மட்டுமன்றி உட்கார்ந்து வருவதற்கான அளவாக ஒரு கீழ்வரம்பைச் சட்டம் விதிக்க வேண்டும். அதை விதிக்குமுன் முதியவரையும் ஊனமுற்றவரையும் உட்காரவைத்து அளந்து பார்க்க வேண்டும். மூன்றாவது, கால் மடங்காதவருக்கு முன்வரிசையில் சில இடங்களைக் கூடுதல் கட்டணமின்றி ஒதுக்கி, அவை கடைசிநாள் வரை விற்கப்படாமல் வைத்திருக்க வேண்டும்.

இம்மூன்றும் வரும்வரை, வாகைகுளத்தின் நீண்ட ஓடுபாதையைக் கண்டு மகிழ்வதில் எங்களுக்கு ஒரு தயக்கம் இருந்துகொண்டே இருக்கும். 3,115 மீட்டர் பாதையை நாம் விமானத்துக்குக் கொடுத்தோம். அது நமக்குத் தருவது எத்தனை அங்குலம் என்று கேட்கக் கூடாதா? சந்தேகமிருப்பவர்கள் ஒரு மாலையில் துறைமுகப் பக்கம் போய், நங்கூரமிட்டிருக்கும் ஏதேனும் ஒரு கப்பலின் விலாவைப் பார்த்துவிட்டு வரட்டும். நிலக்கரிக்கும் உப்புக்கும் வரைந்த கோடு அங்கே இருக்கிறது.